நாலு விரற்கடைக் கோடு

மதலேனம்மாளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் டிரெயினிங் சர்டிபிகேட்டும் மூன்று வருஷமாக மானேஜர் தர்மராஜ் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தன. அரியலூரில் அவர் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். கேட்டால், "பத்திரமா இருக்கட்டுமேம்மா, வெளியில இருந்தா கரையான் அரிச்சிடும்" என்பார். கரையான் அரித்திருந்தாலும் துண்டு துண்டாகவாவது கைக்குக் கிடைத்திருக்கும் என்று டீச்சர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். அவர் காதுபட யாரும் பேசியதில்லை.

மதலேனம்மாளுக்குச் சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. அப்பா மிக்கேல் அங்கே அடைக்கல மாதா கோயிலில் உபதேசியார். திருச்சியில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தபோது ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ அவளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். தரையில் ஒரு காலணாவை வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து அதன்மேல் பந்தைப் போடச் சொல்வார். பத்துக்கு ஏழு முறை மதலேனம்மாள் போட்டுவிடுவாள். மிச்சம் மூன்றும் அரை சாண் தள்ளி விழும். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அந்தக் கர்வம் சும்மா இருக்கவில்லை. டிரில் டீச்சராக வேலைக்கு வந்த முதல் மாதம், மானேஜரின் மனைவி புஷ்பவல்லி, "டென்னிஸ் ஆடத் தெரியுமா?" என்று கேட்டபோது, "தெரியுங்க" என்று சொல்லிவிட்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் அவள் டீச்சர் இல்லை, புஷ்பவல்லியின் ஜோடி. மானேஜர் பங்களாவுக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். வாடகை கிடையாது. தனி வாசலும் கிடையாது. கடைக்குப் போவதென்றாலும் பங்களா கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்டில் பூமாலை என்ற காவல்காரர் உட்கார்ந்து, "எங்கங்க போறீங்க? அம்மா தேடுவாங்களே" என்பார். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு ஊருக்குப் போனவளை மறுநாள் காலையிலேயே கார் அனுப்பித் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "எம் மகள எம்புட்டு மரியாதையா வச்சிருக்காங்க, காரே வருது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் என்னவென்று சொல்வது? மதலேனம்மாள் காரில் ஏறினாள்.

புஷ்பவல்லி கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவள் கெட்டவள் இல்லை. முப்பது வயது, பிள்ளை இல்லை, காரில் போனாலும் திரை போட்டுத்தான் போக வேண்டும். ஒரு சமயம் கலெக்டர் ஒருவர் விருந்தில், பெண்கள் வெளியே வந்து விளையாட வேண்டும் என்று பேசிவிட்டுப் போனார். மறுநாளே மானேஜர் மனைவியைக் கிளப்புக்கு அனுப்பினார். அவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் காற்று. மதலேனம்மாள் தன்னை 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பாள். தலை வாரிவிடுவாள், தன் புடவையைக் கொடுப்பாள், வீட்டுக்குப் போக மட்டும் விடமாட்டாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆனி மாதத்தில் மதலேனம்மாளுக்கு மதராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உடற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலையில் அசல் சர்டிபிகேட்டுகளோடு நேரில் வந்து சேரவும், தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நகல் வாங்கலாம் என்றால் அதற்கும் மானேஜர் கையெழுத்து வேண்டும். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு புஷ்பவல்லியிடம் போய் நின்றாள்.

"போவத்தான் வேணுமா?" என்றாள் புஷ்பவல்லி. முகம் சுண்டிவிட்டது.

"படிச்சிட்டு வந்தா பெரிய வேலை கிடைக்குங்கக்கா. எனக்கு இது ஒண்ணுதான் வழி."

புஷ்பவல்லி வளையலைத் திருகினாள். "சனிக்கிழமை கிளப்புப் போட்டியில பைனல். கப்பை ஜெயிச்சுக் குடு. அவருகிட்டச் சொல்லிப் பெட்டியத் தொறக்க வக்கிறேன். எங்கம்மா மேல சத்தியம்" என்றாள்.

இதை மதலேனம்மாள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். கிளப் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பாப்பாத்தியிடம். அது புற்றுமண் மைதானம். புற்றுமண்ணைச் சலித்து, மணல் கலந்து கொட்டி, கல் உருளையை உருட்டி இறுக்கி, மேலே சாணிப்பால் தெளித்திருப்பார்கள். தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவது பாப்பாத்தியின் வேலை. கயிறு கட்டிக் கோணாமல் கோடு இழுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே மதலேனம்மாள்தான். எல்லாக் கோடும் இரண்டு விரற்கடை அகலம், அதற்கு மேலே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"அப்ப, ஜெயிச்சாத்தான் காயிதம் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் பாப்பாத்தி.

"ஆமா. ஜெயிச்சா திங்கக்கிழமை ரயில் ஏறிடுவேன்."

"ஜெயிப்பீங்க டீச்சரம்மா. நீங்க பட்டணத்துக்குப் போயிடுவீங்க பாருங்க" என்றாள் பாப்பாத்தி. தானே ரயில் ஏறப் போகிறவள் மாதிரி அவளுக்கு வாயெல்லாம் பல்.

பெண்கள் ஆட்டத்துக்கு வந்திருந்ததே நாலு ஜோடிதான். கரி எரித்து ஓட்டும் கேஸ் பஸ்ஸில் முகமெல்லாம் புகையோடு வந்து இறங்கிய பெரம்பலூர் லேடி டாக்டரையும் நர்ஸையும் வெள்ளிக்கிழமை மதலேனம்மாள் ஜோடி சிரமமில்லாமல் ஜெயித்தது. பைனலுக்கு எதிரே நின்றவர்கள் பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து வந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்கார அக்காதங்கை, டோராவும் ஐவியும். முழங்கால் தெரியும் பாவாடையும் வெயிலில் பழுத்த கைகளுமாக நின்றார்கள். மதலேனம்மாளும் புஷ்பவல்லியும் புடவையைக் கொசுவி இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூவோடு இறங்கினார்கள். பந்தலுக்குக் கீழே சப்-கலெக்டர், தாசில்தார், ஊர்ப் பெரிய மனிதர்கள். முன் வரிசை நாற்காலியில் மானேஜர், கைத்தடியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயரமான நாற்காலியில் முன்சீப் அம்பயர்.

முதல் செட்டை மதலேனம்மாள் கிட்டத்தட்டத் தனியாகவே ஆடி ஜெயித்தாள். ஒவ்வொரு பந்துக்கும் இரும்புப் பெட்டியின் கதவு ஒரு விரல் திறப்பதாக மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். இரண்டாவது செட்டில் அக்காதங்கை எல்லாப் பந்தையும் புஷ்பவல்லி பக்கமே போட்டார்கள், செட் போய்விட்டது. பத்து நிமிஷ ஓய்வு விட்டார்கள். பாப்பாத்தி துடைப்பத்தையும் சுண்ணாம்புக் கலயத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

புஷ்பவல்லி பன்னீர் சோடாவைக் குடித்துவிட்டு மதலேனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதலேனு, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"ஜெயிச்சா தை மாசம் திருச்சி கிளப்புக்கு ஆடப் போவலாம்னுட்டாரு. ஒரு வாரம் அங்கயே தங்கலாமாம். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசத்துல நான் வெளியில ஒரு நாள் தங்குனதில்ல, தெரியுமா?"

"நல்லதுதானக்கா."

"நீ இல்லாம எனக்கு ஏது ஆட்டம்? அதனால நேத்தே அவருகிட்டச் சொல்லிட்டேன். காயிதத்த இப்பக் குடுக்க வேணாம், பெட்டியிலயே இருக்கட்டும்னு. ஒரே ஒரு வருசம் மதலேனு. காலேஜு எங்க ஓடிடப் போவுது?"

"சத்தியம் பண்ணுனீங்களே" என்றாள் மதலேனம்மாள்.

"பண்ணுனேன். எங்கம்மா செத்துப் பத்து வருசமாச்சு, அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

"தோத்துட்டா?"

"தோத்தா எல்லாம் முடிஞ்சுது. பேட்டப் பரண்ல போட்டுட்டு வூட்டோட கெடன்னுட்டாரு. அப்பறம் நீ எதுக்கு அவருக்கு? காயிதத்தக் கையில குடுத்து அனுப்பிடுவாரு." சொல்லிவிட்டுப் புஷ்பவல்லி சிரித்தாள். "நாம எங்க தோக்கப் போறோம், விடு."

மதலேனம்மாள் அவள் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். ஜெயித்தால் தன் கதவு மூடும், தோற்றால் திறக்கும். தோற்றால் மூடப்போவது அக்காவின் கதவு. ஐயோ பாவம் என்று நினைக்க வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு அப்போது பாவம் என்று தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருஷமாகத் தலை வாரிவிட்ட கை, பெட்டிச் சாவியையும் அல்லவா பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது! தோற்றுவிடுவது என்று முடிவு செய்தாள்.

பாப்பாத்தி கலயத்தோடு வெளியே வரும்போது அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "கவலப்படாதீங்க டீச்சரம்மா, நல்லபடியா முடியும்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். மதலேனம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

தோற்பதுகூட அவ்வளவு லேசான காரியமில்லை என்பது மூன்றாவது செட்டின் முதல் கேமிலேயே தெரிந்துவிட்டது. சும்மா வந்த ஒரு பந்தை வலைக்குள் அடித்தாள். மானேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர், வெயில் கண்ணக் கட்டுதா?" என்றார் சத்தமாக. பந்தல் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கைத்தடியின் பூணைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தார். வேண்டுமென்றே தோற்றாள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் விழுந்தால் போதும், பெட்டி ஜன்மத்துக்கும் திறக்காது. மதலேனம்மாள் அடுத்த நாலு பந்தை ஒழுங்காக அடித்தாள்.

ஜெயிப்பது மாதிரி ஆடித் தோற்க வேண்டும். அதற்கு எதிராளி ஒத்துழைத்தால் போதும் என்று நினைத்தாள், ஆனால் ஜோடியும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. புஷ்பவல்லிக்கு அன்றைக்கு என்ன வந்ததோ! திருச்சி என்ற பெயரே அவள் காலுக்குச் சக்கரம் கட்டிவிட்டது. எட்டாத பந்துக்கு ஓடினாள், விழுந்து எழுந்தாள், புடவையெல்லாம் சாணி மண். மதலேனம்மாள் நாசூக்காக விட்டுக்கொடுத்த பந்தையெல்லாம் பின்னால் ஓடி எடுத்துப் போட்டுவிட்டு, "விடு மதலேனு, நான் இருக்கேன்!" என்றாள். மூன்று வருஷமாக மன்றாடியும் வராத ஆட்டம், வராமல் இருக்க வேண்டிய அன்றைக்கு வந்து சேர்ந்தது. ஐந்துக்கு நாலு என்று இவர்களே முன்னால் நின்றார்கள்.

புஷ்பவல்லி சர்வீஸ். நாற்பது, முப்பது. இன்னும் ஒரு புள்ளி வந்தால் கப்பு.

மதலேனம்மாள் வேகமாகக் கணக்குப் போட்டாள். இந்தப் பந்து வெளியே போனால் டியூஸ், இரண்டு பக்கமும் சரிசமம். டியூஸ் என்ற சொல் காதில் விழுந்தால் புஷ்பவல்லிக்குக் கை உதறும். தன் சர்வீஸில் டியூஸ் வந்து அவள் ஜெயித்ததை மதலேனம்மாள் ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு பந்தையும் வலையில் போட்டுவிடுவாள், அதோடு தெம்பும் போய்விடும். ஆக, ஒரே ஒரு பந்து வெளியே போனால் போதும்.

சர்வீஸ் போனது. டோரா திருப்பினாள், புஷ்பவல்லி எடுத்தாள். அக்காதங்கை இருவரும் வலைக்கு ஓடிவந்தார்கள். ஐவி தட்டிய பந்து மதலேனம்மாளிடம் வாகாக வந்து எழும்பியது. இருவர் தலைக்கும் மேலே தூக்கிப் போட்டாள்.

தாராளமாக ஒரு முழம் வெளியே போட்டிருக்கலாம். ஆனால் மானேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட, அந்தக் காலணாக் கர்வமும் கூடவே நின்றது. தோற்பதையும் சுத்தமாகச் செய்ய வேண்டும், மயிரிழையில் போச்சே என்று ஊர் சொல்ல வேண்டும் என்று, கடைசிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே என்று குறிவைத்துப் போட்டாள். பத்துக்கு ஏழில் ஒன்று அது. நினைத்த இடத்திலேயே இறங்கியது.

"அவுட்!" என்று டோரா கையைத் தூக்கினாள்.

பந்து விழுந்த இடத்தில் வெள்ளையாகப் புகை எழுந்தது. சுண்ணாம்பு. கோட்டின் பக்கத்தில் நின்ற தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா குனிந்து பார்த்துவிட்டு, "கோட்டுமேலங்க சார், நல்ல பந்து" என்றார்.

பந்தல் ஓவென்று கத்தியது. மதலேனம்மாள் கால் தரையில் பாவாமல் எதிர்ப்பக்கம் நடந்து போய்ப் பார்த்தாள். மானேஜரையும் பந்தையும் பார்த்துக்கொண்டிருந்ததில் இத்தனை நேரம் கோட்டை அவள் கவனிக்கவேயில்லை, அது இரண்டு விரற்கடை இல்லை. வெளிப்புறமாக இன்னொரு இழை இழுத்து நாலு விரற்கடை ஆக்கியிருந்தது. பழைய கோட்டைவிட அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அந்தப் புது இழையின் நடுவில் பந்தின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். தங்கள் பக்கத்துக் கடைசிக் கோடும் அப்படித்தான் இருந்தது.

ஐவி கோபமாக முன்சீப்பிடம் போனாள். "லைன் பெரிசா பண்ணிட்டாங்க சார்! மொத ரெண்டு செட்டுல இப்படி இல்ல. இது என்னா நியாயம்?"

சப்-கலெக்டரே எழுந்து வந்து பார்த்தார். மானேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. கப்பைவிட, சப்-கலெக்டர் முன்னால் திருட்டு ஆட்டம் என்று பெயர் வந்துவிடுமே என்பது அவருக்குப் பெரிசு. "யாரு கோடு போட்டது? ஏ பாப்பாத்தி, இங்க வா!" என்று கைத்தடியைத் தூக்கினார். "கோடு தப்புன்னு மட்டும் ஆவட்டும், இவ சீட்ட இப்பவே கிழிச்சுடறேன்."

பாப்பாத்தி கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். விரலெல்லாம் வெள்ளை. மதலேனம்மாளைப் பார்த்து மெல்லச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"எனக்குச் சிவில் சட்டம்தான் தெரியும்" என்றார் முன்சீப். "டீச்சர், இங்க டென்னிஸ் சட்டம் படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான். கோடு இவ்வளவு தடிமனா இருக்கலாமா, கூடாதா? நீங்க சொல்றதுதான் தீர்ப்பு."

கூடாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். பந்து வெளியே, டியூஸ், திங்கட்கிழமை ரயில். ஜெயித்த பந்தையே விட்டுக்கொடுத்தாள் என்று ஊர் மெச்சும், மானேஜருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை அடைக்கல மாதாவே நேரில் வந்தாலும் கொடுக்க முடியாது. மதலேனம்மாள் வாயைத் திறந்தாள்.

பாப்பாத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வேலையை விட்டால் அவளுக்குச் சுண்ணாம்புக் காளவாய்தான். அவள் புருஷன் அங்கே வேலை பார்த்து, இருமி இருமி இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் செத்தான்.

"இருக்கலாங்க சார்" என்றாள் மதலேனம்மாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "மத்த கோடெல்லாம் ரெண்டு அங்குலம். கடைசிக் கோடு மட்டும் நாலு அங்குலம் வரைக்கும் இருக்கலாம். புத்தகத்துலயே இருக்கு. கோடு மேல தப்பில்லங்க."

டோரா தங்கையின் தோளைத் தொட்டு, அது சரிதான் என்று தலையாட்டினாள். சட்டம் என்றால் சட்டம். இருவரும் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

புஷ்பவல்லி ஓடிவந்து மதலேனம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "மதலேனு! திருச்சி! மதலேனு!" மானேஜர் சப்-கலெக்டரிடம், "நம்ம டீச்சரு தங்கமானவங்க சார். எங்க வீட்டுலயேதான் இருக்காங்க, எங்கயும் அனுப்ப மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதலேனம்மாள் புஷ்பவல்லியின் பிடியில் அசையாமல் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு அக்கா மேல் பரிதாபம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

கப்பு கொடுத்து, மாலை போட்டு, சப்-கலெக்டர் இங்கிலீஷில் பேசி முடித்தார். கூட்டம் கலைந்தது. மதலேனம்மாள் பேட்டை எடுக்கக் கோட்டோரம் வந்தபோது பாப்பாத்தி கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"பயந்தே பூட்டேன் டீச்சரம்மா. நல்லவேள, நீங்க சொன்னீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பந்து எங்கயாச்சும் ஒரு விரக்கடயில போயிடப் போவுதேன்னுதான் ஒரு இழ கூட இழுத்தேன். எந்தப் பக்கம் ஆடுவீங்கன்னு எனக்குத் தெரியுமா? அதான் ரெண்டு பக்கமும் இழுத்துட்டேன். ஜெயிச்சாத்தானே உங்க காயிதம் கெடைக்கும்?"

மதலேனம்மாள் அவளுடைய சுண்ணாம்பு விரல்களைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்று நுனியெல்லாம் வெடித்திருந்தது. குனிந்து பேட்டின் நரம்பைக் கையால் சரிசெய்தாள்.

"மதலேனு, சீக்கிரம் வா! போட்டோ புடிக்கிறாங்க!" என்று பந்தலிலிருந்து புஷ்பவல்லி கூப்பிட்டாள்.

"திங்கக்கிழம எத்தன மணிக்கு ரயிலு?" என்று கேட்டாள் பாப்பாத்தி. "நான் டேசனுக்கு வரேன்."

"ஏழு மணிக்கு" என்றாள் மதலேனம்மாள். ரயில் ஏழு மணிக்குத்தான்.